சிங்கப்பூர் டு நியூயார்க் எவ்ளோ தூரம்? வாசகர் கேள்விகளும் நம்ம பதில்களும்

போன இதழ்ல கடைசிப் பக்கத்துல "தூர தேசத்து ஃப்ளைட் பத்தி சந்தேகம் இருந்தா எழுதுங்க"ன்னு ஒரே ஒரு வரி போட்டோம், அதுக்கு இவ்ளோ கேள்வி வந்து குவியும்னு நினைக்கவே இல்ல. பாதிப்பேர் "எந்தக் கிழமை டிக்கெட் எடுத்தா சீப்"னு கேட்டிருக்கீங்க, அதை இன்னொரு நாள் தனியா வச்சுக்கலாம். இந்த வாட்டி தூரமும் நேரமும் மட்டும்தான். நான் பைலட்லாம் கிடையாது. மண்ணடியில ஒரு டிராவல்ஸ்ல 19 வருஷம் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து டிக்கெட் போட்டவன், கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நின்னு ஜனங்க கேட்ட கேள்விக்குப் பதில் தேடித் தேடிப் படிச்சதுதான் எல்லாம்.

கேள்வி (திருச்சி வாசகி): மக சிங்கப்பூர்ல இருக்கா, பையன் நியூயார்க்ல. மக வீட்ல ஒரு மாசம் இருந்துட்டு அங்கருந்து நேரா பையன்கிட்ட போகலாம்னு இருக்கோம். நடுவுல எங்கயும் நிக்காத ஃப்ளைட்டாம், 18 மணி நேரத்துக்கு மேலயாம். தூரம் எவ்ளோன்னு தேடினா ஒரு இடத்துல 15,300 கிலோமீட்டர்னு போட்டிருக்கு, இன்னொரு இடத்துல 16,700னு இருக்கு. எது சார் சரி?

பதில்: ரெண்டும் சரிதாம்மா. முதல்ல சொன்னது பூமி மேல நூல் பிடிச்ச மாதிரி அளந்த தூரம், ரெண்டாவது ஃப்ளைட் நிஜமா பறக்கிற தூரம்.

வீட்ல சாத்துக்குடி இருந்தா ஒண்ணு எடுங்க. காம்பு இருக்கிற இடம் வடதுருவம்னு வச்சுக்கோங்க. நடுவுல இடுப்பு மாதிரி இருக்கிற இடம்தான் நிலநடுக்கோடு, சிங்கப்பூர் கிட்டத்தட்ட அது மேலயே, 1 டிகிரி சொச்சம் வடக்கே தள்ளி உக்காந்திருக்கு. அங்க பேனாவால ஒரு புள்ளி வைங்க. இப்ப பழத்தை அப்படியே மறுபக்கம் திருப்பி, இடுப்புக்கும் காம்புக்கும் நடுவுல பாதிக்குக் கொஞ்சம் கீழ இன்னொரு புள்ளி, அது நியூயார்க், 40 டிகிரி சொச்சம். இப்ப தையல் நூலை எடுத்து ரெண்டு புள்ளிக்கும் நடுவுல இழுத்துப் பிடிச்சீங்கன்னா நூல் பக்கவாட்டுல போகாது, வழுக்கி வழுக்கி மேல ஏறிப் போய் காம்பை ஒட்டி நின்னுக்கும். ஏன்னா சிங்கப்பூர் 104 டிகிரி கிழக்கு, நியூயார்க் 74 டிகிரி மேற்கு, ரெண்டையும் கூட்டினா 178, 180 வந்தா நேர் எதிர்ப்பக்கம்னு அர்த்தம், அதுக்கு ரெண்டே டிகிரிதான் குறையுது. அதனால இந்த ரெண்டு ஊருக்கும் குறுக்குவழி கிட்டத்தட்ட வடதுருவம் வழியாத்தான்.

கணக்கும் சுலபம், கால்குலேட்டர்கூட வேணாம். சிங்கப்பூர்ல இருந்து துருவம் 88.6 டிகிரி, துருவத்துல இருந்து நியூயார்க் 49.4 டிகிரி, மொத்தம் 138. ஒரு டிகிரிக்கு 111.2 கிலோமீட்டர். பெருக்கினா 15,345 வருதா, நீங்க நெட்ல பாத்த 15,300 அதுதான்.

ஆனா பைலட் அந்த நூல் மேல போறதில்ல. சிங்கப்பூர்ல இருந்து கிளம்பி தைவான், ஜப்பான் பக்கமா ஏறி பசிபிக்கைத் தாண்டி அலாஸ்காவை ஒட்டி கனடாவுக்குள்ள நுழைஞ்சு மேல இருந்து நியூயார்க்குக்கு இறங்கறதுதான் வழக்கம், ஏன்னா அந்த வழியில பின்னாடி இருந்து காத்து தள்ளும். சுத்துவழிதான், 16,000 தாண்டி 16,700 வரைக்கும் போகும், ஆனா நேரம் மிச்சம். இதுல இன்னொரு வேடிக்கை, திரும்பி வரும்போது பல நாள் அட்லாண்டிக்கைத் தாண்டி ஐரோப்பா பக்கமா வருவாங்க, அதாவது போகும்போதும் கிழக்கு, வரும்போதும் கிழக்கு. ரிட்டர்ன் டிக்கெட் எடுத்த பயணி தனக்கே தெரியாம உலகத்தை ஒரு முழுச் சுத்து சுத்திட்டு வந்து இறங்குவாரு. கோயில் பிரகாரம் சுத்துற மாதிரின்னு எங்க கவுன்ட்டர்ல ஒருத்தர் சொன்னாரு, என்ன, பிரகாரத்தை இடமிருந்து வலமா சுத்துவோம், இது அதுக்கு எதிர்த்திசை.

கேள்வி (அதே வாசகி): டிக்கெட்ல ராத்திரி 11:30க்குக் கிளம்பி மறுநாள் காலைல 6:10க்கு இறங்கும்னு போட்டிருக்கு. ஆறே முக்கால் மணி நேரம்தானே ஆகுது? அப்புறம் 18 மணி எங்கருந்து வந்துச்சு?

பதில்: இந்தக் கேள்விக்கு ஒரு நாளைக்கு ரெண்டு வாட்டியாவது பதில் சொல்லியிருப்பேன். டிக்கெட்ல எப்பவுமே அந்தந்த ஊர் நேரம்தான் இருக்கும். சிங்கப்பூர் கடிகாரம் நியூயார்க்கை விட கோடைல 12 மணி நேரம் முன்னாடி, குளிர்காலத்துல 13 மணி நேரம் முன்னாடி. நீங்க இறங்கும்போது மக வீட்டுக் கடிகாரத்துல சாயங்காலம் 6:10. ராத்திரி 11:30ல இருந்து மறுநாள் சாயங்காலம் 6:10 வரைக்கும் எண்ணுங்க, 18 மணி 40 நிமிஷம் சரியா வரும். திரும்பும்போது இதே கணக்கு உல்டாவா அடிக்கும், ராத்திரி பத்தரைக்கு ஏறினா காலெண்டர்ல ரெண்டு தாள் கிழிஞ்சப்புறம்தான் சிங்கப்பூர்ல விடியக்காலைல இறங்குவீங்க.

ஜன்னல் ஷட்டரைத் திறந்து வைக்க விட்டாங்கன்னா ஒண்ணு கவனிங்க. பத்தாம் தேதி ராத்திரி ஏறினீங்கன்னா ஜப்பானுக்கு அந்தப் பக்கம் பதினொண்ணாம் தேதி சூரியன் உதிக்கும், கொஞ்ச நேரத்துல தேதிக் கோட்டைத் தாண்டினதும் தேதி திரும்ப பத்தாயிடும், அலாஸ்கா கனடா பக்கம் பத்தாம் தேதி சூரியன் மறையும், நியூயார்க்ல இறங்கற சமயம் பதினொண்ணாம் தேதி மறுபடியும் விடியும். ஒரே தேதிக்கு ரெண்டு விடியல். சுகர், பிரஷருக்கு மாத்திரை போடறவங்க, முக்கியமா இன்சுலின் போடறவங்க, இதை கிளம்பறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட காட்டி எந்த நேரம் எந்த மாத்திரைன்னு பேப்பர்ல எழுதி வாங்கிக்கோங்க, ஃப்ளைட்ல உக்காந்து "இது ராத்திரி மாத்திரையா காலை மாத்திரையா"ன்னு பக்கத்து சீட்டுக்காரர்கிட்ட கேக்காதீங்க.

கேள்வி (விருதுநகர் வாசகர்): பஸ்ல தூரத்தை ஸ்பீடால வகுத்தா நேரம் வந்துடும். ஃப்ளைட் 900 கிலோமீட்டர் ஸ்பீடுன்னா சென்னை-சிங்கப்பூர் 2,900 கிலோமீட்டருக்கு மூணே கால் மணிதானே ஆகணும்? நாலு மணிக்கு மேல ஏன் போடறாங்க?

பதில்: பஸ்ஸுக்கும் அப்படி வராதுங்க, டோல்கேட்டை மறந்துட்டீங்க. 900ங்கிறது மேல ஏறி செட்டில் ஆனப்புறம் வர்ற ஸ்பீடு. டிக்கெட்ல இருக்கிற நேரம் கதவைச் சாத்தி வண்டி நகர்ந்ததுல இருந்து அந்த ஊர்ல வந்து நிக்கற வரைக்கும். ரன்வேக்கு ஊர்ந்து போறது, வரிசைல நிக்கறது, ஏறுறதுக்கு அரை மணி, இறங்குறதுக்கு அரை மணி, அது போக லேட் ஆயிடக் கூடாதுன்னு கம்பெனி சொருகி வைக்கிற பத்து இருபது நிமிஷம். சென்னை-மதுரைக்கு இன்னும் நல்லாத் தெரியும், வானத்துல சுமார் 420 கிலோமீட்டர்தான், வகுத்தா அரை மணி, டிக்கெட்ல ஒண்ணேகால் மணி. தூரம் கூடக் கூட இந்தச் சில்லறை நேரம் பெருசாத் தெரியாது.

கேள்வி (தேவகோட்டை வாசகர், ஓய்வுபெற்ற ஆசிரியர்): பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறது. அப்படியென்றால் மேற்கே லண்டன் போகும் விமானத்துக்கு லண்டனே எதிரில் வர வேண்டுமே, சீக்கிரம் போக வேண்டுமே. ஆனால் சென்னையிலிருந்து போக 11 மணி, வர 10 மணி என்கிறார்களே?

பதில்: சார், வணக்கம். பசங்ககிட்ட கேக்க வேண்டிய கேள்வியை என்கிட்ட கேட்டுட்டீங்க. பூமி சுத்தும்போது காத்தையும் சேர்த்து இழுத்துக்கிட்டேதான் சுத்துது. சென்னை இருக்கிற இடத்துல பூமி மணிக்கு 1,600 கிலோமீட்டருக்கு மேல ஓடுது, காத்து கூட வரலன்னா நாம வாசல்ல கோலம்கூட போட முடியாது, வீடே பறந்துடும். ஓடற ரயிலுக்குள்ள ஒரு பையன் பந்தை மேல தூக்கிப் போட்டா அது அவன் கைக்கேதான் திரும்ப வருது இல்லையா, அதே கதை. அதனால லண்டன் எதிர்ல வராது.

அந்த ஒரு மணி நேர வித்தியாசம் காத்தால. ஒன்பது பத்து கிலோமீட்டர் உயரத்துல மேற்கே இருந்து கிழக்கே ஆறு மாதிரி ஒரு காத்து ஓடிக்கிட்டே இருக்கு, ஜெட் ஸ்ட்ரீம்னு பேரு. இதை முதல்ல ஒழுங்கா அளந்தவர் வாசபுரோ ஓயிஷின்னு ஒரு ஜப்பான்காரர், 1920கள்ல பலூன் பறக்கவிட்டு பறக்கவிட்டு அளந்து ரிப்போர்ட் எழுதினாரு. உலகம் முழுக்கப் படிக்கணும்னு ஆசைப்பட்டு அதை எல்லா நாட்டுக்கும் பொதுவா இருக்கட்டும்னு உருவாக்கின எஸ்பெரான்டோங்கிற மொழியில எழுதினாரு பாருங்க, அதனாலயே யாரும் படிக்கல. ரெண்டாம் உலகப் போர் கடைசியில அமெரிக்க பி-29 விமானங்க ஜப்பான் மேல போய் அந்தக் காத்துல மாட்டி, குண்டு போடற குறியெல்லாம் தப்பினப்புறம்தான் மத்தவங்களுக்கு உறைச்சுது.

இந்தக் காத்து எவ்ளோ தள்ளும்னா, 2020 பிப்ரவரியில பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ ஒண்ணு நியூயார்க்ல இருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிஷத்துல வந்துடுச்சு, வழக்கமா ஆறரை ஏழு மணி ஆகற தூரம். தரையை வச்சுப் பாத்தா மணிக்கு 1,327 கிலோமீட்டர் ஸ்பீடு. ஒலி வேகத்தைத் தாண்டிடுச்சான்னு அப்ப நிறைய பேர் கேட்டாங்க, இல்ல, காத்துக்குள்ள அது வழக்கமான ஸ்பீடுலதான் போச்சு, காத்தே ஓடிக்கிட்டு இருந்துச்சு. வெள்ளம் வர்றப்ப காவிரியில பரிசல் போற மாதிரி.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச உதாரணம் நம்ம ஏர் இந்தியாதான். டெல்லியில இருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு மொதல்ல ஐரோப்பா, அட்லாண்டிக் வழியாப் போய்க்கிட்டு இருந்தாங்க, 13,900 கிலோமீட்டர், முழுக்க எதிர்க்காத்து. 2016 அக்டோபர்ல ஒரு நாள் அப்படியே திருப்பி கிழக்கே பசிபிக் வழியா விட்டாங்க. தூரம் 15,300 கிலோமீட்டர், 1,400 கிலோமீட்டர் அதிகம், ஆனா பதினாலரை மணி நேரத்துல போயிடுச்சு, பழைய வழியை விட கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம் சீக்கிரம். தூரம் கூடுச்சு, நேரம் குறைஞ்சுது. டிராவல்ஸ்ல ஒருத்தர்கிட்ட இதைச் சொன்னப்ப "அப்ப டிக்கெட்டும் கூடுமா குறையுமா"ன்னு கேட்டாரு, நான் டீ குடிக்கப் போயிட்டேன்.

தென்னிந்தியா தலைக்கு மேல மழைக்காலத்துல இதுக்கு எதிரா கிழக்கே இருந்து மேற்கே ஓடற ஒரு ஜெட் ஸ்ட்ரீமும் இருக்கு சார், 1950கள்ல அதை விவரமா எழுதினவர் நம்ம நாட்டு வானிலை விஞ்ஞானி கோட்டேஸ்வரம். பசங்களுக்குப் பாடம் எடுக்கும்போது அவர் பேரைச் சொல்லுங்க.

கேள்வி (கோவை கல்லூரி மாணவி): உலகத்துல ரெண்டு ஊருக்கு நடுவுல அதிகபட்சம் எவ்ளோ தூரம் இருக்க முடியும்?

பதில்: 20,000 கிலோமீட்டர், அதுக்கு மேல சான்ஸே இல்ல. பூமிச் சுத்தளவு 40,000, அதுல பாதி. அதுக்கு மேல போனா இந்தப் பக்கமா வர்றது கிட்டமாயிடும். ஸ்பெயின்ல மாட்ரிட்டும் நியூசிலாந்துல வெலிங்டனும் கிட்டத்தட்ட அப்படி நேர் எதிர் எதிரா இருக்கு, நேர் ஃப்ளைட் கிடையாது. சென்னைக்கு நேர் எதிர்ப்புறம் எதுன்னு பாத்தா பசிபிக் கடல் நடுவுல வருது, ஊரும் இல்ல ஒண்ணும் இல்ல, அங்கருந்து கிழக்கே 2,500 கிலோமீட்டர் போனா பெரு நாட்டு லிமா வரும். சென்னையில இருந்து லிமா சுமார் 17,500 கிலோமீட்டர். அந்த ஊருக்கு ஒரே ஒரு தடவை டிக்கெட் போட்டிருக்கேன், மூணு ஃப்ளைட், அந்தப் பையன் போய்ச் சேந்து போன் பண்ண வரைக்கும் எனக்கே தூக்கம் இல்ல.

கேள்வி (சிவகாசி வாசகர்): சிங்கப்பூர்-நியூயார்க் ஃப்ளைட்ல எகானமியே இல்லன்னு சொல்றாங்களே, பணக்காரங்களுக்கு மட்டும்தானா?

பதில்: கோவம் நியாயம்தான், ஆனா காரணம் எடை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விடற அந்த விமானம் ஏர்பஸ் ஏ350-900 மாடல்ல தூரத்துக்குன்னே செஞ்ச ரகம். 1,65,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும், சாதா ரகத்தை விட 24,000 லிட்டர் கூட. சென்னையில தெருவுக்கு வருமே 12,000 லிட்டர் தண்ணி லாரி, அதுல பதினாலு லாரி வரிசையா நிக்கறதா நினைச்சுக்கோங்க, அவ்ளோவும் றெக்கைக்குள்ளயும் வயித்துக்குள்ளயும். டேங்க்கை முழுசா ரொப்பினா எடை 130 டன்னுக்கு மேல, மொத்த விமானமே 280 டன்தான் தூக்கலாம், ஆக பாதியை நெருங்கிடுது. முதல் பல மணி நேரத்துக்கு அது எரிபொருளைத் தூக்கிட்டுப் போறதுக்கே எரிபொருளை எரிச்சுக்கிட்டு இருக்கும். இதுல ஆளையும் பெட்டியையும் சேர்த்து ரொப்பினா ஏறவே ஏறாது. அதே கம்பெனி, அதே குடும்பத்து விமானம் சாதா ரூட்ல 253 சீட், இதுல 161 தான், 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி.

இதுக்கு முன்னாடி ஒரு தடவை கையைச் சுட்டுக்கிட்டாங்க. 2004 ஜூன்ல நியூயார்க் பக்கத்துல இருக்கிற நியூவார்க்குக்கு இந்த நான்ஸ்டாப்பை ஆரம்பிச்சாங்க, நாலு இன்ஜின் ஏ340-500 விமானம், எரிபொருளைக் குடம் குடமாக் குடிக்கும், நடுவுல எல்லாத்தையும் தூக்கிட்டு வெறும் 100 பிசினஸ் சீட் போட்டுப் பாத்தாங்க, அப்பவும் கட்டல, 2013 நவம்பர்ல நிறுத்திட்டாங்க. ரெண்டு இன்ஜின்லயே இவ்ளோ தூரம் போற விமானம் கைக்கு வந்தப்புறம் 2018 அக்டோபர்ல மறுபடி ஆரம்பிச்சாங்க, 2020 நவம்பர்ல நியூயார்க் ஜேஎஃப்கே ஏர்போர்ட்டுக்கும் விட்டாங்க. ஒரு இடத்துல இறங்கி ஏறினா பரவாயில்லன்னா எகானமி டிக்கெட் தாராளமாக் கிடைக்குது. என்னைக் கேட்டா வயசானவங்களுக்கு அதுவே நல்லது, நடுவுல ரெண்டு மணி நேரம் கால நீட்டி நடக்கலாம்.

கேள்வி (ஓசூர் வாசகர்): சண்டை நடக்கிற நாடுகளால ஃப்ளைட் சுத்திப் போகுதாமே, நெஜமா?

பதில்: நெஜம். ஆகாயத்துக்கும் வேலி உண்டு. 2022 பிப்ரவரியில உக்ரைன் போர் ஆரம்பிச்சப்புறம் ரஷ்யா தன் ஆகாயத்தை ஐரோப்பிய கம்பெனிகளுக்கு மூடிடுச்சு. அதிகமா அடி வாங்கினது ஃபின்லாந்து. ஹெல்சிங்கி-டோக்கியோ ஒன்பதரை மணி நேரப் பயணம், ஆசியாவுக்குக் குறுக்குவழி எங்க ஊர்தான்னு சொல்லியே பிசினஸ் பண்ணவங்க, ஒரே ராத்திரில அது 13 மணி நேரமாயிடுச்சு. வடதுருவம் மேலயே ஏறி அந்தப் பக்கம் இறங்கினாங்க, பயணிகளுக்கு "துருவத்தைத் தாண்டினீர்கள்"னு சர்டிஃபிகேட் வேற குடுத்தாங்க. மூணரை மணி நேரம் கூட உக்கார வச்சதுக்கு ஒரு பேப்பர்! நம்ம பக்கத்துலயும் 2019ல பாகிஸ்தான் ஆகாயம் நாலரை மாசம் மூடியிருந்துச்சு, 2025 ஏப்ரல்ல மறுபடி இந்திய விமானங்களுக்கு மூடினாங்க. இதுல டெல்லியில இருந்து மேற்கே போறவங்களுக்குத்தான் ரொம்பக் கஷ்டம்.

கேள்வி (நெய்வேலி வாசகர்): செல்போன்ல இருந்து எல்லாமே வேகமாயிடுச்சு, ஃப்ளைட் மட்டும் ஏன் என் அப்பா காலத்து ஸ்பீடுலயே போகுது?

பதில்: வேகமாப் போய்ப் பாத்துட்டு வேணாம்னு திரும்பி வந்தாங்க. கான்கார்டுன்னு ஒண்ணு 1976ல இருந்து 2003 வரைக்கும் பயணிகளோட ஓடுச்சு, ஒலியை விட ரெண்டு மடங்கு வேகம், லண்டன்-நியூயார்க் மூணரை மணி நேரம். நேர வித்தியாசம் அஞ்சு மணிங்கிறதால கிளம்பின நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாடியே போய் இறங்கிடுவாங்க. லண்டன்-சிங்கப்பூருக்குக்கூட பஹ்ரைன் வழியாக் கொஞ்ச நாள் விட்டாங்க, ஒரு பக்கம் பிரிட்டிஷ் ஏர்வேஸ் பெயின்ட், மறுபக்கம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பெயின்ட். அது கிளப்பற சத்தத்துக்கு மலேசியா ஒத்துக்கல, நம்ம நாடும் தலைக்கு மேல அந்த வேகத்துல போகாதன்னு சொல்லிடுச்சு, 1980லயே நின்னுடுச்சு. எரிபொருள் செலவு ஒரு பக்கம் கழுத்தை நெரிச்சுது. அதுவும் போக, 7,000 கிலோமீட்டர் சுமாருக்கு மேல அதால ஒரே மூச்சுல போக முடியாது, சிங்கப்பூர்-நியூயார்க்குன்னா நடுவுல ரெண்டு இடத்துல இறங்கி ரொப்பணும்.

கேள்வி (இலங்கை, காலியிலிருந்து ஒரு வாசகர்): எங்கட அப்பப்பா, யுத்த காலத்தில கொக்கல வாவியில இருந்து அவுஸ்திரேலியாவுக்கு பிளேன் போனது எண்டு சொல்லுவார். வாவியில இருந்து எப்பிடி பிளேன் போகும் எண்டு நாங்கள் சிரிச்சிருக்கிறம். உண்மையோ?

பதில்: அப்பப்பா சொன்னது அத்தனையும் உண்மை, அவர்கிட்ட நீங்க மன்னிப்பே கேக்கணும். இந்தக் கேள்வி வந்ததுக்கு எனக்கு அவ்ளோ சந்தோஷம்.

1942 பிப்ரவரியில சிங்கப்பூர் ஜப்பான் கைக்குப் போனதும் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இருந்த ஆகாய வழி அறுந்துடுச்சு. அதை ஒட்டப் போட யோசிச்சவங்க மேப்பைப் பாத்தா ஆஸ்திரேலியாவோட மேற்கு ஓரத்துல பெர்த், இந்தப் பக்கம் இலங்கை, நடுவுல 5,600 கிலோமீட்டர் வெறும் கடல். கேட்டலினான்னு தண்ணில இறங்கி ஏறற விமானம், அதுக்கு ரன்வே தேவையில்ல, பெர்த்ல ஸ்வான் ஆத்துல இருந்து கிளம்பி உங்க கொக்கல வாவியில வந்து இறங்கும். 1943 ஜூலையில இருந்து 1945 ஜூலை வரைக்கும் ரெண்டு வருஷம், குவான்டாஸ் கம்பெனி ஆளுங்க ஓட்டினாங்க, 271 தடவை அந்தக் கடலைத் தாண்டினாங்க.

ஸ்பீடு எவ்ளோ தெரியுமா, மணிக்கு 200 கிலோமீட்டர். நம்ம வந்தே பாரத் ரயிலை விடக் கொஞ்சம்தான் ஜாஸ்தி. அதனால 27 மணியில இருந்து 33 மணி வரைக்கும் ஆகும். எரிபொருளை ரொப்பி ரொப்பி பயணிக்கு இடமே இல்ல, மூணு பேர், 69 கிலோ தபால், அவ்ளோதான். ஜப்பான்காரங்க காதுல விழுந்துடும்னு ரேடியோவுல மூச்சு விடக் கூடாது, வழி தெரிஞ்சுக்க ராத்திரி நட்சத்திரத்தைப் பாத்துப் பாத்துக் கணக்குப் போடணும். அஞ்சு விமானத்துக்கும் அவங்க வழி பாத்த நட்சத்திரங்க பேரையே வச்சிருந்தாங்க. உள்ள ஏசி கிடையாது, ஹீட்டர் கிடையாது. ஏறினவங்க ஒரே பயணத்துல சூரியன் ரெண்டு தடவை உதிக்கறதைப் பாத்துடுவாங்க, அதனாலயே அதுக்கு "இரட்டைச் சூரியோதயம்"னு பேரு, இறங்கினதும் ரகசியச் சங்கத்துல சேத்துக்கிட்ட மாதிரி ஒரு சர்டிஃபிகேட் குடுப்பாங்க.

இப்ப ஒரு கணக்குப் பாருங்க. நியூயார்க்ல இருந்து சிட்னிக்கு 2019 அக்டோபர்ல அதே குவான்டாஸ் வெறும் 49 பேரை ஏத்திக்கிட்டு சோதனை ஓட்டம் விட்டுது, 16,200 கிலோமீட்டர், 19 மணி 16 நிமிஷம், பேப்பர்லயெல்லாம் பெருசாப் போட்டாங்க. கொக்கல ரூட்ல ஒரு விமானம் ஒரு தடவை 32 மணி 9 நிமிஷம் தரையிறங்காமப் பறந்திருக்கு. பயணி ஏறின விமானம் வானத்துல இருந்த நேரம்னு பாத்தா இன்னிக்கு வரைக்கும் அதை யாரும் முந்தல, அதுவும் மூணுல ஒரு பங்கு தூரத்துக்கு!

போர் முடிஞ்சதும் அந்த விமானங்களைக் கடல்ல கொண்டு போய் மூழ்கடிச்சுட்டாங்க. கொக்கலவுல ராணுவம் வந்தப்ப கிராமத்து ஜனங்க எல்லாரும் வீட்டைக் காலி பண்ணிட்டுப் போக வேண்டி வந்துச்சு, சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பொறந்த வீடு அங்கதான், தப்பிச்சு நின்னு இப்ப மியூசியமா இருக்கு. அடுத்த தடவை அந்தப் பக்கம் போனா வாவிக்கரையில நின்னு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, அடுத்த இதழ்ல போட்டுடலாம்.

கேள்வி (பரமக்குடி வாசகர்): இவ்ளோ தூர ஃப்ளைட்ல ஜன்னல் சீட்டா, நடைபாதை ஓர சீட்டா?

பதில்: நாலு மணி நேரம்னா ஜன்னல். 18 மணி நேரம்னா கண்ணை மூடிக்கிட்டு ஓர சீட்டு, பாத்ரூம் போக ஒவ்வொரு தடவையும் ரெண்டு பேரை எழுப்ப உங்களுக்கு மனசு வராது, மனசு வரலன்னு தண்ணி குடிக்காம இருப்பீங்க, இறங்கும்போது கால் ரெண்டும் இட்லி மாதிரி உப்பியிருக்கும்.